முதல் செங்கல்லைச் சுட்ட சூளை



கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை அறியாத தமிழர் நம் நாட்டில் மிகச் சிலரே இருப்பர். தீபாவளிக்குத் துணி எடுக்கவும், திருமணத்திற்கு மாலை வாங்கவும் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி அங்கு வந்தவர்கள் நாம். அந்த இடத்திற்கு ஏன் அப்பெயர் வந்தது? பிரிக் என்றால் செங்கல். செங்கல் அறுத்த நிலம் என்பதே பிரிக்பீல்ட்ஸ் என்பதன் பொருள்.

1881-ஆம் ஆண்டு தொடக்கத்தில் கோலாலம்பூர் தீக்கிரையாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் வெள்ளம் வந்து எஞ்சியதையும் கொண்டுபோயிற்று. அக்காலத்துக் கோலாலம்பூர் பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த ஊர். 1882-இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹம், இனிச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டடம் கட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். சீனர் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் தொழிலை வளர்த்தார். 1886-இல் கிள்ளான் பக்கம் செல்லும் இரயில் பாதை திறக்கப்பட்டது. பின்னர், இரயில்வேயில் உழைத்த நம் மக்கள் குடியிருந்த இடமாகவும் அந்தச் செங்கல் நிலம் மாறியது.

இப்போது ஒரு கேள்வி. செங்கல்லைச் சுடுவதற்குச் சூளை வேண்டும். நிலையான ஒரு சூளையைக் கட்டுவதற்கோ செங்கல் வேண்டும். அப்படியானால் உலகின் முதல் செங்கல் எங்கே சுடப்பட்டது?

விடுகதைபோல் தோன்றும் இக்கேள்விக்குத் தமிழ்நாட்டுக் கிராமத்துச் செங்கல் தொழிலாளியிடம் விடை உண்டு. அவர் சூளை என்று தனியாக ஒன்றைக் கட்டுவதில்லை. வெயிலில் காய்ந்த பச்சைக் கற்களையே அடுக்குவார். இடையிடையே விறகு வைப்பார். வெளிப்புறம் சேறு பூசித் தீ மூட்டுவார். அங்கே கற்களே சூளை; சூளையே கற்கள். தீ ஆறியபின் பிரித்தெடுத்தால் சுட்ட செங்கல் கிடைக்கும். அதைக் கொண்டு நிலையான சூளையைக் கட்டிக்கொள்ளலாம். அந்தச் சூளையில் இன்னும் நல்ல செங்கல்லைச் சுடலாம்.

இன்றைய உரையின் பொருள் செங்கல் அன்று, கணினி. ஆனால் கணினிக்குள்ளும் இதே கேள்வி இருக்கிறது. அதற்கு மனிதர் கண்ட விடையின் வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கணினிக்கு எந்த மனித மொழியும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்கள் மட்டுமே. இந்த எண் வந்தால் கூட்டு, அந்த எண் வந்தால் எடுத்து வை என்னும் அளவில்தான் அதன் அறிவு. ஆனால் எண்களாகவே கட்டளை எழுதுவது மனிதருக்குப் பெருந்துன்பம். ஓர் எண் தவறினாலும் வேலை முழுவதும் கெடும். ஆகவே மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய சொற்களால் கட்டளைகளை எழுதுகிறார்கள். இதற்கு மூல நிரல் என்று பெயர். இந்த மூல நிரலைக் கணினியின் எண்களாக மாற்றித் தருவதே கம்பைலர். தமிழில் இதனைத் தொகுப்பி என்பர்.

பழைய நாளில் பெரட்டுக் களத்தில் துரை சொன்னதைக் கங்காணி வரிக்கு வரி தமிழில் எடுத்துச் சொல்வார். தொகுப்பி செய்வது அதனினும் சற்று வேறான வேலை. துரையின் நீண்ட கடிதம் முழுவதையும் ஒரே மூச்சில் மொழிபெயர்த்து, தாளில் எழுதி வைத்துவிடும் கிராணியைப் போன்றது அது. பிறகு துரையும் வேண்டியதில்லை, கிராணியும் வேண்டியதில்லை. தாள் ஒன்றே போதும். நம் கைத்தொலைபேசியில் ஓடும் செயலிகளும், வங்கியில் பணம் தரும் இயந்திரத்தின் நிரலும், தொடக்கத்தில் யாரோ எழுதிய மூல நிரல்களே. அவை இயந்திரத்தில் ஓடுவதற்குத் தொகுப்பியோ அதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு கருவியோ உதவியிருக்கிறது.

சரி, அந்தத் தொகுப்பியும் ஒரு நிரல்தானே? அதையும் யாரோ எழுதியிருக்க வேண்டும் அல்லவா? சொற்களால் எழுதியிருந்தால், அதை எண்களாக மாற்றியது எது? இன்னொரு தொகுப்பி. அந்த இன்னொன்றை மாற்றியது எது? செங்கல்லுக்கும் சூளைக்கும் உள்ள சிக்கலே இங்கும் வந்து நிற்கிறது.

முதல் கற்கள் கையால் செய்யப்பட்டன. 1952-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் என்னும் கணித அறிஞர் யூனிவாக் என்ற கணினிக்காக ஏ-0 என்ற நிரலை அமைத்தார். முன்பே எழுதி வைத்த சிறு நிரல்களைத் தேடி எடுத்து ஒன்றாகத் தொகுத்துத் தருவது அதன் வேலை. கம்பைலர் என்ற பெயரை இத்துறையில் வழங்கியவர் அந்த அம்மையாரே. 1954-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பாக்கஸ் என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழு வேலையைத் தொடங்கியது. 1957-இல் போர்ட்ரான் என்னும் மொழிக்கான தொகுப்பி, ஐ.பி.எம். 704 என்ற கணினிக்கு வெளிவந்தது. ஓர் அறையை நிறைக்கும் இயந்திரம் அது. அக்குழுவினர் தங்கள் தொகுப்பியைப் போர்ட்ரானில் எழுதவில்லை, எழுதவும் முடியாது. எண்களுக்கு மிக அருகிலுள்ள இயந்திரச் சுருக்கெழுத்தில், ஆண்டுக்கணக்கில் உழைத்து அதை எழுதினார்கள். அதுவே பச்சைக்கல் அடுக்கிய சூளை.

1962-இல் அடுத்த படி ஏறப்பட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் டிம் ஹார்ட், மைக் லெவின் என்ற இருவர் லிஸ்ப் என்ற மொழிக்கான தொகுப்பியை லிஸ்ப் மொழியிலேயே எழுதினார்கள். முதலில் அதை வரிக்கு வரி மொழிபெயர்க்கும் கருவி ஒன்றின் துணையால் ஓட்டி, அதனிடமே அதன் மூல நிரலைக் கொடுத்தார்கள். தொகுப்பி தன்னைத் தானே மொழிபெயர்த்துக்கொண்டது.

1971-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பயன்படுத்திய பி.டி.பி.-11 என்ற கணினியின் நினைவகம் 24 கிலோபைட். இன்று நம் கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைப்போல் நூறு மடங்கு இடத்தை எடுத்துக்கொள்ளும். அந்தச் சிற்றிடத்தில் வேலை தொடங்கியவர்கள், சி என்னும் மொழியையும் அதற்கான தொகுப்பியையும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உருவாக்கினார்கள். அந்தத் தொகுப்பியும் விரைவிலேயே சி மொழியிலேயே எழுதப்பட்டது. இன்றைய கணினி உலகின் பெரும்பகுதி அந்த மொழியின் மேல் எழுந்து நிற்கிறது.

அக்காலத்தில் நம் நாடு எப்படி இருந்தது? மலேசியாவில் கணினிப் பயன்பாடு தொடங்கிய ஆண்டாக 1966-ஐக் குறிப்பர். தேசிய மின்சார வாரியம் அவ்வாண்டில் கணினியைக் கொண்டுவந்தது. அந்த மின்சார வாரியமே 1990-இல் தெனாகா நேஷனல் ஆயிற்று. கணினி வந்த அந்தக் காலத்தில், தோட்டத்து லயங்கள் பலவற்றில் இன்னும் மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்துகொண்டிருந்தது. கணினி என்ற சொல்லே நம் வீடுகளுக்குள் வரவில்லை. குளிரூட்டிய அறைக்குள், அட்டையில் துளையிட்டுக் கட்டளை கொடுத்த காலம் அது. அந்த அறைக்குள் நுழைவதற்குப் பட்டமும் பதவியும் வேண்டியிருந்தன.

நிலைமை மாறியதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, இயந்திரத்தின் விலை வீழ்ந்தது. மற்றொன்று, மூல நிரலைத் திறந்து வைத்தார்கள். இந்த இரண்டாவது காரணத்தைப் பலர் அறியார்.

1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். எந்த மென்பொருளையும் பயன்படுத்துபவர் அதன் மூல நிரலைப் படிக்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமை பெற வேண்டும் என்பது அவர் கொள்கை. 1987-இல் அத்திட்டத்தின் சி தொகுப்பி வெளியாயிற்று. ஜி.சி.சி. என்று அதை அழைப்பர். அதற்குமுன் நல்ல தொகுப்பிகள் பலவற்றை விலை கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் இயலாது. பூட்டிய பெட்டியை வாங்குவதுபோல. ஜி.சி.சி. வந்தபின் பெட்டியும் திறந்தது, சாவியும் கைக்கு வந்தது.

மூல நிரலிலிருந்து ஒரு தொகுப்பியை நாமே கட்ட வேண்டுமானால் என்னென்ன வேண்டும்? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஏற்கெனவே வேலை செய்யும் ஒரு பழைய தொகுப்பி. 2013-இல் வெளிவந்த 4.8 பதிப்பு முதல் ஜி.சி.சி.யைக் கட்டுவதற்குச் சி பிளஸ் பிளஸ் மொழியின் தொகுப்பி தேவைப்படுகிறது. இரண்டாவது, துணைக் கருவிகள். இயந்திரச் சுருக்கெழுத்தை எண்ணாக்கும் கருவி, துண்டுகளை இணைக்கும் கருவி, எந்தத் துண்டை எப்போது கட்ட வேண்டும் என்று வரிசைப்படுத்தும் மேக் என்ற கருவி ஆகியவை. மூன்றாவது, பெரிய எண்களையும் பின்னங்களையும் பிழையின்றிக் கணக்கிடும் ஜி.எம்.பி., எம்.பி.எப்.ஆர்., எம்.பி.சி. என்னும் மூன்று கணக்குத் தொகுதிகள். நான்காவது, வட்டில் இடமும் நினைவகமும். ஐந்தாவது, பொறுமை.

இடம் எவ்வளவு வேண்டும் என்பது எதைக் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னர் என்ற மாணவரும் விக்ரம் ஆத்வே என்ற பேராசிரியரும் தொடங்கிய எல்.எல்.வி.எம். என்ற தொகுப்பித் திட்டம் இன்று மிகப் பெரிதாக வளர்ந்துள்ளது. பிழை தேடுவதற்கான குறிப்புகளோடு அதைக் கட்டினால், வட்டில் 15 முதல் 20 கிகாபைட் வரை இடம் பிடிக்கும். துண்டுகளை இணைக்கும் கட்டத்தில் நினைவகமும் மிகுதியாகத் தேவைப்படும். நினைவகம் குறைந்த கணினியில் வேலை பாதியில் நின்றுபோவது அந்த இடத்தில்தான்.

அதற்கும் வழி உண்டு. கல்யாண வீட்டில் பத்து அடுப்பில் ஒரே வேளையில் சமைப்பார்கள். விறகும் இடமும் குறைவென்றால் இரண்டு அடுப்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் சமைப்பார்கள். நேரமாகும், ஆனால் சோறு ஒன்றுதான். அதுபோலக் கணினியிடமும் ஒரே நேரத்தில் எத்தனை வேலை செய்யலாம் என்று சொல்லி வைக்கலாம். 4 கிகாபைட் நினைவகம் உள்ள பழைய கணினியிலும், வேலைகளைக் குறைத்துக்கொண்டால், ஜி.சி.சி.யைக் கட்டி முடிக்கலாம். பல மணி நேரமாகலாம், அவ்வளவுதான்.

ஜி.சி.சி. தன்னைக் கட்டிக்கொள்ளும் முறையில் ஓர் அழகான சோதனை உண்டு. பழைய தொகுப்பி, புதிய மூல நிரலை மொழிபெயர்த்து முதல் தொகுப்பியைத் தருகிறது. அந்த முதல் தொகுப்பி, அதே மூல நிரலை மீண்டும் மொழிபெயர்த்து இரண்டாவதைத் தருகிறது. இரண்டாவது, மறுபடியும் அதையே மொழிபெயர்த்து மூன்றாவதைத் தருகிறது. பிறகு இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். வேறுபாடு இருந்தால் எங்கோ பிழை என்று பொருள். தன் வேலையைத் தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

ஆனால் இச்சோதனைக்கும் அகப்படாத ஓர் ஆபத்து உண்டு. 1984-இல் வெளிவந்த தம் டூரிங் பரிசு உரையில் கென் தாம்சன் அதைச் சுட்டிக்காட்டினார். பழைய தொகுப்பிக்குள் யாரேனும் ஒரு சூதை ஒளித்து வைத்திருந்தால், அது தான் கட்டும் புதிய தொகுப்பிக்குள்ளும் அதே சூதை யாரும் அறியாமல் வைத்துவிடும். மூல நிரலை எத்தனை முறை படித்தாலும் அது தெரியாது. ஏனெனில் அது மூல நிரலில் இல்லை. தயிருக்கு இட்ட உறை கெட்டிருந்தால், பால் எவ்வளவு நல்லதாயினும் தயிர் கெடும் அல்லவா? நாம் உருவாக்காத ஒன்றை நம்புவதற்கு எல்லை எது என்று அவர் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு விடை தேட நெடுங்காலம் ஆயிற்று. சிலர் மீண்டும் பச்சைக்கல் சூளைக்கே திரும்பிப் போனார்கள். 2023-இல் குனூ திட்டத்தைச் சேர்ந்த கீக்ஸ் என்னும் மென்பொருள் தொகுதியினர், வெறும் 357 பைட் அளவுள்ள ஒரு சிறு நிரலை வித்தாகக் கொண்டு தங்கள் தொகுப்பியைப் படிப்படியாகக் கட்டிக்காட்டினார்கள். 357 பைட் என்பது, ஆங்கிலத்தில் 357 எழுத்துகள் பிடிக்கும் இடம்; ஓர் அஞ்சலட்டைக்குள் அடங்கும். அறிந்த ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வோர் எண்ணாகக் கண்ணால் பார்த்து, இதில் சூது இல்லை என்று சொல்லிவிட முடியும். அதிலிருந்து சற்றுப் பெரிய கருவி, அதிலிருந்து இன்னும் பெரியது, முடிவில் ஜி.சி.சி.

தமிழுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. 1985-ஆம் ஆண்டில் முத்து நெடுமாறன் நம் நாட்டில் தொடங்கிய முரசு என்ற மென்பொருள், கணினியில் தமிழை எழுத வழி செய்தது. 1991-இல் யூனிகோடு என்ற உலகக் குறியீட்டின் முதல் பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் இடம்பெற்றன. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 2009-இல் முத்தையா அண்ணாமலை, எழில் என்ற நிரல் மொழியைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அம்மொழியில் கட்டளைச் சொற்கள் தமிழ்ச் சொற்களே. அச்சிட வேண்டுமானால் பதிப்பி என்று எழுத வேண்டும். ஆங்கில நிரல் மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னால் வரும். எழிலில் நிபந்தனையை முதலில் சொல்லி, ஆனால் என்ற சொல்லைப் பின்னால் வைப்பார்கள். மழை பெய்தால் என்று நாம் பேசும் முறை அதுதானே!

எழில் வரிக்கு வரி மொழிபெயர்க்கும் வகையைச் சேர்ந்தது. அது பைத்தான் என்ற மொழியில் எழுதப்பட்டது. நாம் பரவலாகப் பயன்படுத்தும் பைத்தான், சி மொழியில் எழுதப்பட்டது. சி மொழி நிரலை எண்ணாக்குவது தொகுப்பி. பதிப்பி என்று ஒரு தமிழ்ப் பிள்ளை எழுதும் சொல், இத்தனை கைகள் மாறி இயந்திரத்தைச் சென்று சேர்கிறது.

நேயர்களே, இவ்வளவையும் தோட்டக் குடும்பங்களுக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். பெராங் பெசார் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். முதல் உலகப் போருக்குப்பின், 1921-இல், போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் தொடங்கிய தோட்டம் அது. பெரும் போர் என்பதே அப்பெயரின் பொருள். பி.பி. என்று தொடங்கும் உயர்ந்த ரப்பர் இனங்கள் அங்கே பிறந்தவை. நம் மக்கள் பால்வெட்டி வளர்த்த தோட்டம். 1995-இல் அந்த மண்ணில் புத்ராஜெயா எழத் தொடங்கியது. பெராங் பெசாரிலும் சுற்றியிருந்த தோட்டங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் லயங்களை விட்டு டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்கு வீடுகளுக்குப் போயின. பக்கத்திலேயே, அதுவும் தோட்ட நிலமாக இருந்த இடத்தில், 1997-இல் சைபர்ஜெயா என்னும் கணினி நகரம் திறக்கப்பட்டது.

மரம் நின்ற இடத்தில் இன்று கணினி நிற்கிறது. அந்தக் கட்டடங்களுக்குள் நம் பிள்ளைகள் காவலராகவும் துப்புரவுப் பணியாளராகவும் நுழைகிறார்கள். பொறியாளராக நுழைந்தவர்களும் உண்டு. எந்த வேலையும் இழிவன்று. ஆனால் பொறியாளர் தொகை பெருக வேண்டும் என்பதில் நமக்குள் இரு கருத்து இருக்க முடியாது.

சற்றுமுன் நான் சொன்ன தேவைப் பட்டியலை மறுபடி எண்ணிப் பாருங்கள். பழைய தொகுப்பி இலவசமாகக் கிடைக்கிறது. துணைக் கருவிகளும் கணக்குத் தொகுதிகளும் இலவசம். லினக்ஸ் என்னும் இயங்குதளமும் இலவசமே. 1966-இல் வாசலில் நின்று கேட்ட பட்டமும் பதவியும் இப்பட்டியலில் இல்லை. வாங்க வேண்டியது ஒரு பழைய கணினி. இணையத்திற்கும் மின்சாரத்திற்கும் கொஞ்சம் செலவு. இவற்றோடு, பட்டியலில் எழுதப்படாத இரண்டையும் சொல்லிவிட வேண்டும். குறிப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. ஆகவே ஆங்கிலம் படிக்கப் பழக வேண்டும். வீட்டில் அமைதியான ஒரு மூலையும், தொடர்ந்து சில மணி நேரமும் வேண்டும். மூன்று தலைமுறை இருக்கும் சிறு வீட்டில் அது எளிதன்று. பள்ளிக் கணினி அறை, ஆலய மண்டபம், நூலகம் ஆகியவை அந்த மூலையைத் தரலாம். பெற்றோர் சங்கங்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிள்ளை கணினி கேட்டால், விளையாடுவதற்கா என்று முதலில் கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை. அத்துடன், இதைக் கொண்டு நீ எதைச் செய்யப் போகிறாய் என்றும் கேளுங்கள். உயர்நிலைப்பள்ளி மாணவர் இருக்கும் வீட்டில், வரும் பள்ளி விடுமுறையில், எழிலில் நான்கு வரி எழுதிப் பார்க்கட்டும். அது நன்கு வந்தபின், ஒரு தொகுப்பியை அதன் மூல நிரலிலிருந்து கட்டிப் பார்க்கட்டும். முதல் நாள் நின்றுபோகும். எந்தக் கருவி இல்லை என்று திரையில் ஒரு வரி வரும். அதைத் தேடி வைத்துவிட்டு மறுநாள் மீண்டும் தொடங்கட்டும். இராமுழுதும் ஓடி, விடியலில் வேலை முடிந்திருந்தால், அந்தத் தொகுப்பியைக் கொண்டு அப்பிள்ளை தன் சொந்த நிரலை எழுதட்டும்.